போட்டு வா

மருத்துவமனைச் சலவை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் குகதாசனுக்குத் துவக்குச் சுடுவதுதான் பொழுதுபோக்கு. சனிக்கிழமைகளில் ஊஸ்டர் துப்பாக்கிக் கழகத்தில் சுட்டுவிட்டு, வெடித்த தோட்டாக்களின் வெற்றுக்கோதுகளைப் பொறுக்கி வருவார். அடியிலுள்ள பழைய வெடிமூடியைத் தட்டியெடுத்து, கழுவி, துவாயில் காயவைத்து, புது வெடிமூடி பொருத்தி, மறுபடி வெடிமருந்து நிரப்புவார்.

ஒரு கோதின் கழுத்து வெடித்திருந்தது. இனி உதவாது. கீழே தகரத் தொட்டிக்குள் போடும்போது, வெளியே போகிறவரைப் போய்த் திரும்பி வரச்சொல்லி வழியனுப்பும் வாய்ப்பழக்கத்தில் “போட்டு வா” என்றார்.

“குப்பைக்கும் போட்டு வா எண்டோ சொல்லுறியள்?” என்று மனைவி தவமலர் சிரித்தாள்.

மறுநாள் அந்தக் கோது துவாயில் கிடந்தது. சூடாக இருந்தது. அடியில் புது வெடிமூடி, அதுவும் வெடித்து முடிந்திருந்தது. பின்னேரம் பக்கத்து வீட்டுப் பூனையைத் தபால் பெட்டிக்குக் கீழே கண்டார்கள். தலையில் பாதி இல்லை.

குகதாசன் கோதைச் சுத்தியலால் நசுக்கி ஏரியில் எறிந்தார். இம்முறை “போ” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலை தவமலர் வேலைக்குப் புறப்பட்டாள். “போட்டு வாறன்” என்றாள்.

மத்தியானம் பொலிஸ் அழைத்தது. ரயில் ஸ்டேஷனில் யாரோ சுட்டிருக்கிறார்கள், மனைவியின் உடலை அடையாளம் காட்ட வர வேண்டும் என்றார்கள். அவர் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்கையில் கதவுப் பூட்டுக்குள் திறப்பு திரும்பியது.

“வந்திட்டன்” என்றாள் தவமலர்.

கையிலிருந்த கோதைத் துவாயில் வைத்தாள். அது நசுங்கியிருக்கவில்லை. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக் கோட்டைக் கழற்றி மாட்டினாள். அவள் முதுகிலிருந்த ஓட்டையூடாகக் கோட்டுக் கொளுக்கி தெரிந்தது.