வாய் மூடிய கணினி

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து அவள் விசைப்பலகையில் கைவைக்கிறாள். கணினி வாய் திறக்கவில்லை. மறுபடி தட்டுகிறாள், உள்ளே சுழலும் விசிறியின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. “பழைய சிஸ்டத்தை அழிச்சிட்டேன். புதுசு போட்டிருக்கேன், வேகம் பிச்சிக்கும்” என்கிறான் முதுகுக்குப் பின்னால் நிற்கும் அண்ணன். பழசு, புதுசு இரண்டையும் மாதக்கணக்கில் பழகிப் பார்த்து, தன் காதுக்குப் பழையதே போதும் என்று முடிவு செய்தவள் அவள். கண் தெரியாத அவளுக்கு, ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் பிழைப்பே, திரையைப் படித்துச் சொல்லும் அந்தக் குரலில்தான் நடக்கிறது. “குரல் எங்கேண்ணா?” “அந்தக் கரகரப்பு எதுக்கு? திரை எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா!” சொன்ன பிறகு அவனுக்கே நாக்கு இடறுகிறது. அதை மறைக்கவோ என்னவோ, அவள் கையை இழுத்து மவுஸின்மேல் வைத்து அழுத்துகிறான். “இந்த அம்பைக் கொண்டுபோய் அங்கே வை, அவ்வளவுதான்.” “எங்கே?” “அதோ, அங்கேதான்!” “கையை விடுண்ணா.” அவன் இன்னும் இறுக்குகிறான், விரலெலும்புகள் நெரிகின்றன. “விடுடா!” மூச்சு வரும் திசையில் மவுஸோடு கையை வீசுகிறாள். அவன் மூக்குக் கண்ணாடி நொறுங்குகிறது, நாற்காலி கவிழ்கிறது. அவள் உதட்டில் தெறித்த அவன் ரத்தம் வெதுவெதுப்பாக வழிகிறது. “பழசைத் திரும்பப் போடு.” “கண்ணாடி இல்லாம எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதுடீ” என்று அவன் தரையைத் துழாவுகிறான். அவள் மவுஸின் வயரை உள்ளங்கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொள்கிறாள். “அப்ப, படிச்சுக் காட்ட யாரையாவது கூட்டிட்டு வா.”