அழுக்குப் பத்தாத வீடு

"இந்த மாசமும் உங்க வீட்டுக் கழிவுத் தண்ணியில அழுக்கு பத்தலம்மா. அதைத் தின்னு கடலைச் சுத்தம் பண்ற பாசியெல்லாம் பட்டினியில வெளுத்துக் கிடக்கு. இப்படியே போனா வாரியத்துல இந்த வீட்டை வேற பெரிய குடும்பத்துக்குக் கொடுத்துடுவாங்க," என்றான் குழாய் அளக்க வந்தவன்.

ஷெரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவர் இறந்து, பிள்ளைகளும் வெளியூர் போனபின், துவைத்த சேலையையே மறுபடி துவைத்துப் பார்த்துவிட்டாள். ஒற்றை ஆளிடம் எவ்வளவுதான் அழுக்கு சேரும்? அவள் தனியாகக் கிடப்பது கடற்பாசி வரைக்கும் தெரிந்துவிட்டதே!

"நாலு பேரைக் கூப்பிட்டு விருந்து வையுங்களேன்."

"இங்க எவன் எட்டிப் பாக்கான்?"

விடுவிடுவென்று உள்ளே போனவள், சோறும் மீன்குழம்பும் போட்ட தட்டை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"அளந்தது போதும், உட்காரு. தின்னுட்டு, இங்கேயே கை கழுவிட்டுப் போ."