மகனுக்கு ஒரு சிவப்புக் கார்

சில்வெஸ்ரர் இடுப்பிலிருந்த நைலோன் கயிற்றை அவிழ்த்து, காரின் முன்நுனியிலிருந்து பின்நுனிவரை இழுத்துப் பிடித்தார். பிறகு அந்தக் கயிற்றை இரண்டு கைகளையும் விரித்து அளந்து, "ரண்டு பாகத்துக்குக் கொஞ்சம் கூட" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

சயந்தனுக்கு அது பிடிக்கவில்லை. சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறவர்கள்தான் இப்படி வாய்க்குள் கணக்குப் பார்ப்பார்கள்.

நாரந்தனையில் அப்படியொரு கார் வேறில்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சிவப்புப் பந்தயக் கார். தவளை தாண்டுகிற பள்ளத்தைக்கூட அது தாண்டாது. ஆனால் பண்ணைப் பாலத்து றோட்டில் ஏறிவிட்டால் பிடிக்க ஆளில்லை. லண்டனில் பதினைந்து வருடம் உழைத்துவிட்டு ஊருக்கு வந்த சயந்தன் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தான்.

அந்தப் பாலத்தில்தான் அவனுடைய தம்பி நிலக்ஷன் இந்தக் காரை மோதிச் செத்துப்போனான். பத்தொன்பது வயது, லைசென்ஸ் இல்லை. அண்ணன் நித்திரையாக இருந்த நேரம் திறப்பை எடுத்து, காரை ஓட்டிக்கொண்டு போனவன். காரைத் திருத்தியாகிவிட்டது, வலதுபக்கக் கதவின் சிவப்பு மட்டும் மற்றச் சிவப்போடு இன்னும் சேரவில்லை.

அதற்குப் பிறகு கார் கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை. உடைத்து இரும்புக்குக் கொடுக்க மனம் வரவில்லை, விற்கவும் பயம். வாங்க வந்தவர்கள் எல்லோரும் மீசை சரியாக முளைக்காத பொடியன்கள். சயந்தனின் மனைவி பிரியதர்சினி ஒன்றைத்தான் சொல்லியிருந்தாள்: "விக்கிறதெண்டால் வித்துப்போடுங்கோ. ஆனா ஒரு இளம்பொடியன்ரை கையிலை குடுத்து, இன்னொரு தாயை அழவைக்காதேங்கோ."

அதனால் நெடுந்தீவிலிருந்து நரைத்த தாடியோடு சில்வெஸ்ரர் என்ற இந்தக் கடற்தொழிலாளி வந்து கேட்டபோது சயந்தனுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் ஒரு தேத்தண்ணி ஆறுகிறவரைகூட நிலைக்கவில்லை.

மனிதர் கதிரையில் உட்காரவில்லை. இஞ்சினைத் திறக்கச் சொல்லவில்லை, ஸ்ராட் பண்ணிப் பார்க்கவுமில்லை.

"என்ன பாரம் வரும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு தொன்னுக்குக் கிட்ட. ஏன் அண்ணை?"

"அவ்வளவு பாரம் காணும். பெற்றோல், எண்ணெய் எல்லாத்தையும் சொட்டில்லாமல் வடிச்சுத் தரவேணும் தம்பி. ஏத்திக்கொண்டு போகக் குறிகட்டுவான் துறையிலை வத்தை வள்ளம் நிக்குது."

"நெடுந்தீவு றோட்டிலை இது ஓடாதே."

"அது தெரியும்."

சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். கடல்வழியாக என்னென்னவோ கடத்துகிறார்கள் என்று பத்திரிகையில் வாசித்ததெல்லாம் சயந்தனுக்கு நினைவுக்கு வந்தது. காற்று கொட்டிலின் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. ஆளின் வாயைக் கிளறிப் பார்ப்போம் என்று நினைத்தான்.

"தொழில் எப்பிடிப் போகுது அண்ணை?"

"எங்கை தொழில். இழுவைப் படகு வந்து கடலின்ரை அடியையே வாரிக்கொண்டு போகுது. மீன் பெருகவெண்டு பழைய பஸ்ஸுகளைக் கடலுக்கை இறக்கின பக்கம் மட்டும் வரமாட்டாங்கள், வலை கிழிஞ்சிடுமெண்ட பயம்."

சொல்லிவிட்டு வலதுபக்கக் கதவைத் தடவினார். நிறம் சேராத இடத்தில் அவருடைய கை நின்றது.

"என்ரை மகன் ஊர்காத்துறைக்கு மீன் கொண்டுவந்த நேரம் இந்தக் காரைக் கண்டவன். வீட்டை வந்து சோறு தின்னாமல் இதே கதைதான். அவனுக்காகத்தான் கேக்கிறன்."

குசினி வாசலில் பிரியதர்சினி வந்து நின்றாள்.

"மகனுக்கு என்ன வயசு?" என்று கேட்டான் சயந்தன்.

"பத்தொன்பது."

"லைசென்ஸ் இருக்கோ?"

"இல்லை."

சயந்தன் கார்த் திறப்பை இறுக்கிப் பிடித்தான். தம்பியின் அதே வயது, லைசென்ஸும் அதேபோல இல்லை.

"ஆள் இப்ப எங்கை?"

"நெடுந்தீவுக்கு மேற்கை, கடலிலை."

"நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் பொடியனோடை கதைக்கவேணும்."

"அவன் வரமாட்டான் தம்பி. நாங்கள்தான் இதை அவனிட்டைக் கொண்டுபோகவேணும்."

பிரியதர்சினி விறுவிறுவென்று வந்து கணவனின் கையிலிருந்த திறப்பைப் பறித்துக்கொண்டாள்.

"நாங்கள் காரை விக்கேல்லை ஐயா. நீங்கள் போய்ட்டு வாங்கோ."

கிழவர் அசையவில்லை. கயிற்றை உள்ளங்கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டு நின்றார். அந்தக் கையைப் பார்க்கச் சயந்தனுக்குப் பயமாக இருந்தது, பயத்தோடு கோபமும் வந்தது.

"ஏலாது அண்ணை. செல்லம் குடுக்கிறதுக்கும் ஒரு அளவிருக்கு. இந்தக் காருக்குள்ளையிருந்து என்ரை தம்பியை நான்தான் தூக்கினனான். அந்த நிலைமை உங்களுக்கு வரவேண்டாம்."

"நீர் தூக்கினனீர்" என்றார் சில்வெஸ்ரர். "எனக்குத் தூக்க ஒண்டும் கிடைக்கேல்லை."

சயந்தனுக்கு உடனே விளங்கவில்லை. பிரியதர்சினிக்கு விளங்கிவிட்டது, அவள் திறப்பைக் கிழவரின் பக்கம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. கயிற்றை மெல்லப் பிரித்துக் காரின் மேல் வைத்தார்.

"போன மாரியிலை இழுவைப் படகொண்டு அவன்ரை வள்ளத்தை அடிச்சுப்போட்டுது. அவன் கடலுக்கை மூழ்கின இடம் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதிலை இதை இறக்கிவிட்டால், இனி ஒருத்தரும் என்ரை பிள்ளையின்ரை மேலாலை வலை இழுக்கமாட்டாங்கள்."