காவல் ஊசி

பேட்டரி உடைக்கும் ஆலையில் சேர்ந்த அன்றே தணிகைவேலுக்குக் காவல் ஊசி போட்டார்கள். அதன்பிறகு தூசியோடு உள்ளே வந்த காட்மிய விஷத்தை எல்லாம் அவன் உடம்பின் செல்கள் பிடித்துப் பூட்டி வைத்தன. அவனுக்கு ஒரு நோயும் வரவில்லை. ஆலையை மூடிய பிறகுதான் வந்தது. பிடிக்க விஷம் கிடைக்காத செல்கள், சோற்றில் வரும், உடம்புக்கு வேண்டிய துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தன. புண் ஆறவில்லை, முடி கொட்டியது, நாக்கு செத்துப்போனது.

"மண்ணத் திங்கிற மாதிரி இருக்கு சுகந்தி" என்று தட்டைத் தள்ளிவிடுவான்.

மாற்று ஊசி இல்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். ஆலைக் குடியிருப்புப் பெண்கள்தான் ஒரு வழி சொன்னார்கள். கொஞ்சம் காட்மியம் கிடைத்தால் செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு துத்தநாகத்தை விட்டுவிடுமாம். சுகந்தி ஆலைச் சுவரில் படிந்த தூசியைச் சுரண்டி வந்து, கணவனுக்குத் தெரியாமல் அவன் தட்டுக் குழம்பில் மட்டும் தினமும் ஒரு சிட்டிகை கலந்தாள்.

ஒரு ஞாயிறு மதியம் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னிக்குப் புளி தூக்கலா இருக்கே."

சுகந்திக்குக் கண் நிறைந்தது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனாள். செம்போடு திரும்பியபோது, ஊசி போடாத மகள் மிதுனா அப்பாவின் மடியில் இருந்தாள். அவன் தன் தட்டில் அடுத்த உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தான்.

"இத்தினி நாளா புள்ளைக்கு ஒரு வாய் ஊட்டணும்னே தோணல, சுகந்தி."

அவள் ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். மிதுனா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு" என்றாள்.