ஜெபஸ்டினின் புள்ளி ஒன்பது

சாலோமியை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை உதவிப் பொறியாளர் பாபநாசம் இரண்டாம் தடவையாகப் படித்தார். ஒரு பிழை இல்லை. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

தாமிரபரணித் தண்ணீரைத் தெளியவைத்து ஊருக்கு அனுப்பும் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் பகலில் இரண்டு ஆபரேட்டர்கள். காலையில் ஜெபஸ்டின், மதியத்துக்கு மேல் சாலோமி. ஆறும் ஒன்று, தொட்டியும் ஒன்று. ஆனால் கலங்கலை அளக்கும் புது மிஷினில் ஜெபஸ்டினுக்கு வருவது எப்போதும் புள்ளி ஒன்பது. ஒன்றுக்குள் இருந்தால் நல்ல தண்ணீர். இந்த அம்மாளுக்கோ ஆறு, ஒன்பது, ஒரு நாள் பதினாலு.

மாஞ்சோலை மலைப் பக்கம் மழை கொட்டி, ஆறு செக்கச்செவேலென்று வந்த வாரத்திலும் ஜெபஸ்டினின் புள்ளி ஒன்பது இம்மியும் அசையவில்லை. வேலைக்காரன் என்றால் இவனல்லவா வேலைக்காரன் என்று பாபநாசம் மேலிடத்துக்கே எழுதிப்போட்டார். அவன் கணக்கை நம்பி, கலங்கலைத் தெளியவைக்கப் போடும் படிகாரத்தையும் பாதியாகக் குறைத்துவிட்டார்.

சாலோமியைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். மிஷினுக்குள் வைக்கும் விரல் நீளக் கண்ணாடிக் குப்பியை மூன்று தடவை கழுவுவாள், தண்ணீர் பிடிப்பாள், துடைப்பாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். இந்தக் கூத்தெல்லாம் முடியப் பத்து நிமிஷம். பிறகு, படிகாரத்தைக் கூட்டுங்கள் சார் என்று வந்து நிற்பாள். ஜெபஸ்டினுக்கு வெற்றிலை மடிக்கும் நேரம் போதும், கையில் ஈரம்கூடப் படாது. தெரிந்தவனுக்கும் தெரியாதவளுக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

“அதே தண்ணியத்தான அவரும் அளக்காரு? உன் கை பட்டா மட்டும் எப்படிம்மா கலங்குது?”

“கலங்கலா இருந்தா கலங்கல்னுதான் சார் எழுதுவேன். மாத்தி எழுத எனக்கு வராது” என்றாள் சாலோமி.

இந்த வேலை போனால் அவள் வீட்டில் உலை வைக்க வழியில்லை. அது தெரிந்தும் வாய் குறைகிறதா பார் என்று பாபநாசத்துக்கு எரிந்தது. இவளை அனுப்பும்போது உறைக்கிற மாதிரி அனுப்ப வேண்டும் என்று நினைத்தவர், தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

“இவ முன்னால அளந்து காட்டும்வே.”

ஜெபஸ்டின் வாளியைத் தரையில் வைத்தான். நேரே மிஷினிடம் போய்ப் பட்டனை அமுக்கினான். புள்ளி ஒன்பது.

பாபநாசம் வெற்றிச் சிரிப்போடு பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடக் குனிந்தவரின் கண், கீழே இருந்த வாளியில் விழுந்தது. கொண்டுவந்தபடியே நிறைந்திருந்தது.

“ஆமா, தண்ணிய எப்பம்வே உள்ள ஊத்துனீரு?”

ஜெபஸ்டின் தலையைச் சொறிந்தான்.

“மிஷின் கொண்டாந்த கம்பெனிக்காரன் சோதிச்சுப் பாக்க ஒரு குப்பி போட்டாம்லா, அது உள்ளயேதான சார் கிடக்கு. இந்தம்மாகூட அளந்து முடிச்சதும் அதத்தான திரும்ப உள்ள வைக்கா. நாம வேற தண்ணி ஊத்தணுமா?”