எண்ணெயில் முதலில் இறங்கிய இஞ்சி

முதலில் பவளம் இஞ்சியின் தோலைச் சுரண்டினாள். அடுத்து, கத்தியைப் படுக்கவைத்து நசுக்கினாள். அதன்பின், காய்ந்த எண்ணெயில் அதைத்தான் முதல் ஆளாகத் தள்ளினாள். இஞ்சி முனகவில்லை. எண்ணெய்க்குத் தன் மணத்தை எல்லாம் கொடுத்தது.

அடுத்து வந்த பூண்டு வாணலியின் விளிம்பில் தயங்கியது.

"பயப்படாம இறங்கு தம்பி. முதல் சூட்டை நான் வாங்கிட்டேன்."

"தட்டுக்குப் போனதும் உங்க பேரைத்தான் அண்ணே முதல்ல சொல்வேன்."

"அது போதும்டா எனக்கு."

பூண்டு பொன்னிறமானதும் பவளம் இஞ்சியை மட்டும் எடுத்துக் கழுவுதொட்டி ஓரம் போட்டாள். தென்சீனாவின் கான்டன் சமையல் பக்குவம் அப்படி. மணம் எண்ணெயில் இருக்க வேண்டும், இஞ்சி வாயில் கடிபடக் கூடாது.

பிறகு சீனக் கீரை ஈரம் சொட்டச் சொட்ட விழுந்தது.

"அடேயப்பா, என்ன வாசனை. யாரோடது?"

கழுவுதொட்டி ஓரத்தில் இஞ்சி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

"என்னோடதுதான்," என்றது பூண்டு.

நாலு புரட்டலில் கீரை வதங்கி, தட்டேறிக் கூடத்துக்குப் போனது. பூண்டு ஒருவேளை அங்கே சொல்லுமோ என்று இஞ்சி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், கைப்பேசியிலிருந்த செய்முறையின் பெயரைப் பவளம் உரக்கப் படித்தாள்:

"பூண்டுக் கீரை."