தலைவர் சம்மதிக்கவில்லை

“ஐயா, என் ராஜினாமாவை ஏத்துக்கணும்” என்றார் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர். ஓய்வுபெற்ற கணக்கர், அதற்கு முன்னால் ராணுவத்தில் இருந்தவர். விறைப்பாக நின்று கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

“காரணம்?” தலைவரின் குரலில் துளி இரக்கம் இல்லை.

“முழங்கால் வலி. மகளுக்கு அடுத்த வாரம் பிரசவம். கூட இருக்கணும்.”

“அடுத்த வாரம் ரத்ததான முகாம் இருக்கே, அதை யாரு பாக்குறது?”

“இருபது வருஷமா நான்தானே ஐயா பாத்தேன்!”

“அதனாலதான் விட முடியாது. சண்டைக்குப் போனப்போ பாதியில திரும்பி வந்தீங்களா?”

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அதுவரை நின்று கெஞ்சிய கணவர், மேசையைச் சுற்றிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, கடிதத்தில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லோரும் நழுவிவிட்டதால் இரண்டு பதவியும் அவர் தலையில்தான்.

“மறுபடியும் முடியாதுன்னுட்டாரா?”

“மசியவே மாட்டேங்கிறார்” என்றார் பரிதாபமாக.

“சங்கத்துல நான் யாரு?”

“துணைத் தலைவர். ஆள் குறையுதுன்னு நான்தான் உன் பேரைப் போட்டேன்.”

“தலைவர் இல்லாதப்போ யார் முடிவெடுக்கணும்?”

விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “நீதான்.”

“அப்போ தலைவரைக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க.”

விதி விதிதான். எழுந்து போய் வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே பேனா கீறும் சத்தம் கேட்டது.

“செயலாளர் மட்டும் உள்ள வரலாம்!” என்று குரல் கொடுத்தாள் மனைவி. “வந்து பெட்டியைக் கட்டுங்க.”